பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அந்த முக்கால் நிமிடம்

மைக்செட்டுக்காரன் (ஈரோடு):

ஏனுங்க, இங்கே யூரோவிஷன் பார்க்கிற ஆள் யாராவது உண்டுங்களா? நம்மூரில் இதைப் பேச ஒருத்தரும் சிக்குவதில்லை. வீட்டில் சொன்னால், ராத்திரி 12.30-க்கு உட்கார்ந்து விடிய 4 மணி வரைக்கும் புரியாத பாட்டைக் கேட்க உனக்கென்ன தலையெழுத்தா என்கிறார்கள். பாட்டு எனக்கு இரண்டாம்பட்சம்ங்க. 22 வருடமாக மைக்செட், லைட் செட் போட்டுப் பிழைக்கிறவன், எந்த மேடையைப் பார்த்தாலும் கண் பாடுகிறவர் மேல் நிற்காது, பின்னாடி விளக்கு மாட்டுகிற ட்ரஸ் சட்டத்தை எப்படிக் கட்டியிருக்கிறான், ஒயர் எந்தப் பக்கமாகப் போகிறது, இதில்தான் போகும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வருடா வருடம் நடத்துகிற பாட்டுப் போட்டி. 1956-ல் சுவிட்சர்லாந்தில் லுகானோ என்ற ஊரில் 7 நாடுகளோடு ஆரம்பித்தது. 2025 மே மாதம் அதே நாட்டில் பாசல் நகரத்தில் நடந்ததில் 37 நாடுகள், இறுதிச்சுற்றில் மட்டும் 26 பாட்டு. ஒரு பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக்கூடாது.

விஷயம் என்னவென்றால், ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்துப் பாடுகிறவரைப் பற்றி ஒரு குட்டிப்படம் ஓட்டுவார்கள், அதற்குப் பெயர் போஸ்ட்கார்டு, முக்கால் நிமிடம் போல வரும். அது ஓடி முடிவதற்குள் பழைய மேடைச் சாமான் எல்லாம் வெளியே போய், புதுசு உள்ளே வந்து, மைக் கைமாறி, ஆள் நின்று, விளக்கு தயார். ஒரே ராத்திரியில் இதே மாதிரி 25 தடவை. நாங்கள் போன வருடம் ஒரு மாரியம்மன் பண்டிகையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டான்ஸ் முடிந்து ஆர்கெஸ்ட்ரா ஏற 35 நிமிடம் எடுத்துக்கொண்டோம். அறிவிப்பாளர் "இன்னும் சற்று நேரத்தில்" என்பதை எத்தனை தடவைதான் சொல்வார் பாவம், கடைசியில் காணாமல் போன செருப்புக்கெல்லாம் அறிவிப்பு வாசித்தார்.

நேரில் பார்த்தவர்கள், அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எப்படிச் செய்கிறார்கள்?

கரட்டுமேடு (தாராபுரம்):

அதெல்லாம் காசுங்க. அவன் ஒரு மேடைக்குப் போடுகிற காசில் நம்ம ஜில்லாவில் பத்து வருடத்துப் பண்டிகையை நடத்திவிடலாம். அதுபோக ஓட்டெல்லாம் பக்கத்து நாட்டுக்குப் பக்கத்து நாடு போட்டுக்கொள்கிறதுதானே, நம்ம சங்கத் தேர்தல் மாதிரி. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நொய்யல்கரை (திருப்பூர்):

மைக்செட்டுக்காரரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் கொஞ்சம் பதில் இருக்கிறது. பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், 2025 மே மாதம் வாடிக்கையாளரைப் பார்க்க அந்தப் பக்கம் போனபோது பாசலில் இறுதிச்சுற்றின் மத்தியான ஒத்திகைக்கு டிக்கெட் கிடைத்தது. ஆமாம், ஒத்திகைக்கே டிக்கெட் விற்கிறார்கள். இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி, ஒவ்வொன்றுக்கும் ஆட்களை உட்கார வைத்து இரண்டு முழு ஒத்திகை, ஆக மொத்தம் ஒன்பது காட்சி. பாடுகிறவர்கள் அதே உடுப்பு, அதே மேக்கப், அதே நெருப்பு. ஓட்டு அறிவிக்கிற பகுதியைக்கூட விடுவதில்லை, பொய்யாக ஒரு முடிவை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியம்மா பொய் ஓட்டுக்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீட்டில் டிவியில் பார்க்கிறவர்களுக்கு அந்தக் குட்டிப்படம் மட்டும்தான் தெரியும். அரங்கத்தில் உட்கார்ந்தால் நிஜ வேடிக்கையே அப்போதுதான். விளக்கு அணைகிறது. இரண்டு பக்கமும் கறுப்பு உடுப்பில் ஆட்கள் குனிந்த வாக்கில் வருகிறார்கள். ஓடுகிறார்கள் என்று சொல்ல முடியாது, நம்ம கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளி தூக்குகிறவர் நடப்பாரே, சிந்தாமல் ஆனால் சரசரவென்று, அந்த நடை. சாமான் எல்லாம் சக்கரத்தில். தரையில் அங்கங்கே சின்னச் சின்ன ஒட்டுநாடாக் குறி, எந்தச் சாமானின் எந்த மூலை எங்கே உட்கார வேண்டும் என்று. அதன் மேல் வந்து நின்றதும் ஒருவர் காலால் சக்கரத்தைப் பூட்டுகிறார், கை வைக்கவே இல்லை. ஸ்வீடனுக்கு ஒரு மரத்தாலான நீராவிக் குளியல் அறை, ஆஸ்திரியாவுக்கு ஒரு படகு, பின்லாந்து அம்மணிக்கு ஆளை விடப் பெரிய தங்க மைக், அவர் அதன் மேல் ஏறி நிற்க அது அந்தரத்தில் தூக்கும். இதையெல்லாம்தான் அந்த முக்கால் நிமிடத்துக்குள் உள்ளே வெளியே என்று தள்ளுகிறார்கள்.

நான் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தது துடைப்பம் வைத்திருந்த ஆளைத்தான். முந்தைய பாட்டில் விழுந்த காகிதத் துணுக்கை எல்லாம் ஒரே இழுப்பில் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இருட்டுக்குள் போய்விட்டார். தரை முழுக்க எல்இடி, அதில் ஒரு துணுக்கு கிடந்தாலும் மேலிருந்து எடுக்கிற கேமராவில் கொசு மாதிரி தெரியுமல்லவா. ஒரு கைதட்டும் கிடையாது அந்த ஆளுக்கு.

சாக்ஸ்காரர் மகள் (கோவை):

எல்லாம் சரிங்க, ஆனால் இந்தப் போட்டியில் ஒருத்தரும் வாத்தியம் வாசிப்பதில்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. கிட்டார் தோளில் தொங்கும், ஒயர் இருக்காது. டிரம்ஸ் அடிப்பார்கள், சத்தம் டிராக்கில், அதாவது முன்பே பதிவு செய்து வைத்த இசையில் இருந்து வரும். முன்னணிக் குரல் மட்டும்தான் நிஜம். துணைக்குரலைப் பதிவு செய்து கொண்டுவரலாம் என்று 2021-ல் அதையும் அவிழ்த்துவிட்டார்கள்.

1998 வரைக்கும் அங்கே முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு நாடும் ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்த தன் சொந்த கண்டக்டரைக் கூட்டிக்கொண்டு வரும், அவர் பாட்டுக்கு முன் எழுந்து வணக்கம் சொல்வார். 1999-ல் ஜெருசலேமில் நடந்தபோது ஆர்கெஸ்ட்ரா கட்டாயம் இல்லை என்று விதி வந்தது, நடத்தியவர்களும் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வரவே இல்லை.

எங்க அப்பா கோவையில் லைட் மியூசிக் குழுக்களில் சாக்ஸபோன் வாசித்தவர், அதனால்தான் இவ்வளவு ஆத்திரம். ஒரு வேனில் பதினாலு பேர் ஏறிப் போவார்கள். பொள்ளாச்சி, உடுமலை, சத்தி, ஒட்டன்சத்திரம். விடியற்காலையில் வந்து சட்டையைக் கழற்றினால் மேடைத் தூசி கொட்டும். அப்புறம் ஒரு நாள் பத்துப் பேராச்சு, அப்புறம் ஆறு, அப்புறம் ஒரு லேப்டாப்பும் இரண்டு பாடகர்களும். இப்போது ரிசப்ஷனுக்குக் கூப்பிடுகிறார்கள், டிராக்குக்கு மேல் ஊத. அப்பா சொல்வார், டிராக்குக்கு மூச்சு கிடையாது கண்ணு, பாடுகிறவர் ஒரு சங்கதியைக் கொஞ்சம் நீட்டினால் நாங்கள் பதினாலு பேரும் நின்று காத்திருப்போம், அது போய்க்கொண்டே இருக்கும்.

மைக்செட்டுக்காரன் (ஈரோடு):

அம்மணி, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. எதற்கு மறைக்க, அந்த லேப்டாப் வாங்கியவர்களில் நானும் ஒருவன். 2014-ல் வாங்கினேன். கமிட்டிக்காரர்கள், ஏனப்பா பதினாலு பேருக்குச் சாப்பாடு வேறு போட வேண்டியிருக்கிறது, ஆளைக் குறை என்றார்கள், குறைத்தேன்.

ஆனால் அங்கே ஏன் ஆர்கெஸ்ட்ரா திரும்பி வராது என்பதற்குத் தொழில்ரீதியாக ஒரு காரணமும் இருக்கிறது. அந்த டிராக்கோடு கூடவே டைம்கோடு என்று ஒன்று ஓடும். இந்த விநாடிக்கு இந்த விளக்கு, இந்த விநாடிக்கு நெருப்பு, இந்த விநாடிக்கு ஏழாம் நம்பர் கேமரா, எல்லாம் அதில் கட்டியிருக்கும். பாட்டு ஒரு விநாடி முன்னே பின்னே போனால் ஆள் இல்லாத இடத்தில் கேமரா இருக்கும், ஆள் இருக்கிற இடத்தில் நெருப்பு வரும். பாடகர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே உள்ளூர் பசங்களை அவர்கள் இடத்தில் நிற்க வைத்து, 37 பாட்டுக்கும் ஆட வைத்து, கேமராவைச் சரி பார்த்துவிடுகிறார்கள். நிஜ ஆள் வந்தால் முதல் ஒத்திகைக்கு அரை மணி நேரம், இரண்டாவதுக்கு 20 நிமிடம், அவ்வளவுதான். முடிந்ததும் ஒரு அறையில் உட்கார வைத்து எடுத்ததைப் போட்டுக் காட்டுவார்கள், இந்த இடத்தில் முகம் இருட்டாக இருக்கிறது, அந்த இடத்தில் கால் தெரிகிறது என்று குறை சொல்லிக்கொள்ளலாம்.

டிராக்கும் ஆர்கெஸ்ட்ராவும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1990-ல் ஜாக்ரெபில் நடந்தது ஒன்று போதும். அன்றைக்கு முதல் பாட்டே ஸ்பெயினுடையது, அக்கா தங்கை இரண்டு பேர். டிராக் ஒரு பக்கம் போகிறது, ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரு பார்வை பார்த்தார்கள், விறுவிறுவென்று மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தது. அப்படியும் ஐந்தாவது இடம் வந்தார்கள்.

எனக்கும் ஒரு ஜாக்ரெப் உண்டு. கோபி பக்கம் ஒரு பண்டிகை, லேப்டாப் மக்கர் பண்ணியதால் டிராக்கை என் போனில் இருந்து கொடுத்தேன். சரணத்துக்கு நடுவே யாரோ கூப்பிட்டார்கள். என் ரிங்டோன் கோழி கூவுவது. எட்டு பாக்ஸிலும் கோழி கூவியது, அதுவும் நல்ல எக்கோவோடு. பாடின தம்பி வாயைத் திறந்தபடியே நின்றான். கூட்டம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தியது. அன்றைக்கு வாங்கிய பெயர் இன்னும் போகவில்லை, அந்த ஊரில் நான் கோழி மைக்செட்.

பவானி டீச்சர்:

கோழி மைக்செட் 😂😂 சிரித்து முடியவில்லைங்க.

நானும் பார்ப்பேன், எனக்கு அந்தப் பாடகர்களின் வெசனம்தான் பிடிக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மதிப்பெண்ணில் பாதி நடுவர்களுடையது, பாதி மக்களுடையது. அந்த நடுவர்கள் இறுதிச்சுற்றுக்குப் போடுகிற ஓட்டு சனிக்கிழமை நேரலைக்கு இல்லை, முந்தின நாள் ராத்திரி நடக்கிற ஒத்திகையைப் பார்த்துப் போடுவது. வெள்ளிக்கிழமை ராத்திரி தொண்டை கட்டினால் பாதி மதிப்பெண் போச்சு, சனிக்கிழமை குயில் மாதிரி பாடினாலும் அது திரும்பாது. பார்க்கிற நமக்கு, இவ்வளவு நன்றாகப் பாடினாரே ஏன் கொடுக்கவில்லை என்று இருக்கும். பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை முழுப்பரீட்சையில் சேர்த்த மாதிரி. 😅

2017-ல் கீவில் ஜெயித்த போர்ச்சுகல் தம்பி சால்வடோர் சோப்ராலுக்கு இதய நோய். சீக்கிரமே வந்து ஒத்திகை பார்க்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. பாட்டை எழுதிய அவருடைய அக்கா லூயிசாவே முதல் ஒத்திகைகளில் தம்பி இடத்தில் நின்று பாடினார். அக்கா நின்ற குறியில்தான் தம்பி வந்து நின்றார். அந்த வருடம் டிசம்பரில் அவருக்கு மாற்று இதயம் வைத்தார்கள். கூடப் பிறந்தவர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும், எங்க வீட்டில் டார்ச் லைட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

கரட்டுமேடு (தாராபுரம்):

டீச்சர் சொன்ன நடுவர் விஷயம் புதுசு. ஆனால் அரசியல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வருடமும் எந்த நாட்டை விலக்க வேண்டும், எந்த நாட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே

நெறியாளர்:

அந்த வாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்த் தொடரலாம். இங்கே மேடை வேலையைப் பேசுவோம்.

கரட்டுமேடு (தாராபுரம்):

சரிங்க சரிங்க, மேடையே பேசுகிறேன். நான் பார்த்த ஒரே யூரோவிஷன் வீடியோ ஒருத்தன் மேடையில் ஏறிப் பாடுகிற அம்மாவிடம் மைக்கைப் பிடுங்கியது. அவ்வளவு காசு போட்டும் ஒரு ஆளைத் தடுக்க முடியவில்லையே. நம்மூரில் என்றால் பந்தல் கால் பக்கத்திலேயே அமுக்கியிருப்பார்கள்.

மைக்செட்டுக்காரன் (ஈரோடு):

அது 2018, லிஸ்பன். பிரிட்டனுக்காகப் பாடிய சூரீ. மைக் போய்விட்டது, அந்த அம்மணி கைதட்டிக்கொண்டே நின்று, மைக் திரும்பக் கைக்கு வந்ததும் விட்ட இடத்தில் இருந்து பிடித்துப் பாட்டை முடித்தார். மறுபடியும் பாடுகிறாயா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டார். 2010-ல் ஆஸ்லோவில் ஸ்பெயின் பாட்டுக்கும் ஒருத்தன் ஏறினான், ஆனால் அவர்கள் எல்லாரும் பாடி முடித்த பிறகு இன்னொரு தடவை பாடினார்கள். இதில் எது சரி என்று என் பையனோடு ஒரு வாரம் சண்டை.

நம்மூரில் அமுக்கிவிடுவார்கள் என்பதெல்லாம் வெளி ஆளாக இருந்தால்தான். கமிட்டித் தலைவரின் மச்சானே ஏறினால் யார் அமுக்குவது? போன வருடம் அப்படி ஒருத்தர் ஏறி, என் மாப்பிள்ளைக்கு ஒரு பாட்டு என்று மைக்கைப் பிடித்தவர் மூன்று பாட்டுப் பாடினார். மைக்கை மெதுவாக மியூட் செய்து வைத்தேன். அப்போதும் பாடினார், கேட்டது.

நொய்யல்கரை (திருப்பூர்):

காசு இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்பதற்கு இன்னொரு பதில். 2022, இத்தாலியில் டூரின். மேடைக்குப் பின்னால் பெரிய சூரியன், வளைவு வளைவாகச் சுழலும் என்று முன்கூட்டியே படம் காட்டினார்கள். ஒத்திகை நேரத்தில் பார்த்தால் நினைத்தபடி சுழலவில்லை. அதை நம்பி ஒளியமைப்பு போட்டுவைத்திருந்தவர்கள் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் கப்பல் கிளம்புகிற வாரத்தில் சாயம் மாறி வந்த மாதிரி. எனக்கு வயிறு கலக்கியது.

2021-ல் ரோட்டர்டாமில் ஐஸ்லாந்துக் குழுவில் ஒருத்தருக்குக் கொரோனா வந்துவிட்டது. ஒத்திகையில் எடுத்து வைத்திருந்த பதிவையே போட்டியில் போட்டார்கள், அவர்கள் ஓட்டல் அறையில் உட்கார்ந்து தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது இடம்! ஒத்திகைதானே என்று அன்றைக்குக் கையை வீசிக்கொண்டு ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்.

அப்புறம் அந்த நீராவிக் குளியல் பாட்டு, கரட்டுமேடு கேட்க வேண்டியது. ஸ்வீடனுக்காகப் பாடிய கேஏஜே குழு உண்மையில் பின்லாந்தில் இருக்கிற ஆட்கள், தங்கள் ஊர்ப்பக்கத்து ஸ்வீடிஷ் வட்டார வழக்கிலேயே பாடினார்கள். நாலாவது வந்தார்கள். 'ஏனுங்', 'வாங்கோ' என்று நாம் பேசினால் சென்னையில் சிரிக்கிறார்களே, அவன் அதையே கொண்டுபோய் ஐரோப்பா முழுக்கப் பாட வைத்துவிட்டான்.

சாக்ஸ்காரர் மகள் (கோவை):

டைம்கோடு காரணம் புரிகிறது. ஆனால் இத்தாலியில் சான்ரெமோ விழாவில் இன்றைக்கும் முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்துதான் வாசிக்கிறது, அங்கே ஜெயிக்கிறவர்தான் பெரும்பாலும் யூரோவிஷனுக்கே போகிறார். நேரலைதான், விளக்கும் உண்டு, கேமராவும் உண்டு. ஆக முடியாது என்று இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் 2014-ல் செய்த மாதிரி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மைக்செட்டுக்காரன் (ஈரோடு):

கோபமில்லைங்க. சுருக்கென்றுதான் இருந்தது, நேற்று பூராவும் பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

இதற்கிடையில் ஒரு வேலை பார்த்தேன். சென்ற ஞாயிறு ஒரு காதணி விழா, மூன்று நிகழ்ச்சி, இரண்டு மாற்றம். நொய்யல்கரை சொன்னதை வைத்து என் பையன்கள் நாலு பேருக்கும் கறுப்பு பனியன், கீபோர்டு ஸ்டாண்டையும் டிரம்ஸையும் சக்கரம் வைத்த பலகையில் ஏற்றி ஓரத்திலேயே ஒயர் சொருகித் தயாராக வைத்தேன், தரையில் குறி ஒட்டினேன். போனில் நேரம் பார்த்தேன். முதல் மாற்றம் ஆறு நிமிடம். இரண்டாவது நாலு நிமிடம் பத்து விநாடி. 35 நிமிடத்தில் இருந்து! அதிலும் சாமான் ஏற ஒன்றரை நிமிடம்தான், மீதி எல்லாம் தாய்மாமன்களுக்குப் பொன்னாடை போர்த்தியது. எட்டு மாமன். அதற்கு எந்த டைம்கோடும் வேலைக்கு ஆகாது. தரையில் ஒட்டின குறியை ஒரு ஒரம்பரைக் குழந்தை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது தனிக்கதை.

ஒயர் சொருகி வைக்கும்போது ஒன்று தோன்றியது. நாங்கள் ஆளைக் குறைத்ததற்குச் சம்பளம் பாதிக் காரணம் என்றால் இந்த ஏற்றி இறக்குகிற நேரம் மீதிக் காரணம், பதினாலு பேர் வந்து ஒயர் மாட்டுவதற்குள் கூட்டம் கலைந்துவிடும் என்று கமிட்டி பயப்படும். நாலு நிமிடத்தில் ஏற்ற முடியும் என்றால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. மாசியில் எங்கள் ஊர்ப் பண்டிகைக்கு ஆறு பேரை வைத்து வாசிக்கலாம் என்று பேசியிருக்கிறேன், டிராக் இல்லாமல். பதினாலு முடியாதுங்க, ஆறு. சாக்ஸபோனுக்கு ஆள் இல்லை. அப்பா வருவாருங்களா? சம்பளம், வண்டி எல்லாம் தனிச்செய்தியில் பேசிக்கொள்ளலாம்.

கரட்டுமேடு (தாராபுரம்):

கோழி கூவுமா அன்றைக்கும்?

பவானி டீச்சர்:

மாசியில் என்று? நான் வருகிறேன். 2026 மே மாத வியன்னா யூரோவிஷன் நேரலையை டீச்சர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறோம், அதற்கு முன் உங்கள் மேடை.

சாக்ஸ்காரர் மகள் (கோவை):

தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன் பாருங்கள். நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெட்டியைத் திறந்து ரீட்டை, சாக்ஸபோன் வாயில் மாட்டி ஊதுகிற அந்த நாணல் சீவலை, எடுத்துப் பார்த்தார், வாயில் வைத்து நனைத்தார், வெடித்துப் போய்விட்டது, புதுசு வாங்கணும் என்றார். உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்றுதான்: அவருக்குத் தனியாக மானிட்டர், அதாவது மேடையில் வாசிப்பது அவருக்கே கேட்க வைக்கிற ஸ்பீக்கர், கொடுப்பீர்களா, இல்லை டிரம்ஸ்காரரோடு பங்கா?

மைக்செட்டுக்காரன் (ஈரோடு):

தனியாகவே உண்டுங்க.